மருந்தை நிறுத்தச் சொன்னவன்

நான் விழுங்கும் அதே மருந்தை என் மைத்துனன் விழுங்கக்கூடாது என்று தடுத்தவன் நான்! கோழை என்ற சொல் போதாது. அதைவிடக் கொடிய சொல் உங்களிடம் இருந்தால், அதையே வைத்துக்கொள்ளுங்கள்...

கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். சில வருடங்களாக மனநலக் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒருநாள் கரும்பலகையின் முன் நின்றபடியே அழுகை வந்தது. யாரும் சாகவில்லை. எதையும் இழக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியாமல், மணி அடிக்கும்வரை எதையெதையோ எழுதிக்கொண்டே நின்றேன்.

மனைவி சாந்திக்கு இது தெரியாது. முதுகுவலிக்கு மருந்தெடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கில்தான் ஒரு காலை கண்ணனைக் கண்டேன். சாந்தியின் தம்பி. பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தான். கல்யாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. அவனோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்களுமா? நா மட்டுந்தான் இப்பிடின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. நிம்மதி இருந்தது! எனக்கு வாயில் வந்ததோ ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுல சொல்லிறாத."

என்னைப் பற்றி அவன் சொல்லவில்லை. சில வாரங்களில் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டான். மறைத்துவைத்து ஒரு பெண்ணைக் கட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

மடுல்கெல்லயில் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமியார் அழுதார். மாமனார் கத்தினார்: "ஆம்பளப் புள்ளைக்கு என்னடா மனக்கவல? நாங்க பட்டதுல பாதி பட்டிருப்பியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்புள, நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க."

கண்ணன் என்னைப் பார்த்தான். நம்பிக்கையோடு பார்த்தான்...

'நானும் மருந்து எடுக்கிறேன்' என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! சொன்னேனா?

"இதெல்லாம் வெறும் பயம் கண்ணா. அந்தக் குளிசைகள நிறுத்து. ஆம்பளயா நிமிந்து நில்லு. வெளிய தெரிஞ்சா பைத்தியம்பாங்க."

வகுப்பில் பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னேன்.

அவன் அந்த இடத்திலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, "சரி மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சாந்தி என்னை வேறுவிதமாகப் பார்ப்பாள் என்று பயந்தேனா? மருந்தில்லாமல் அவன் தேறிவிட்டால் நானும் தேறலாம் என்று பார்க்க நினைத்தேனா? இரண்டும் இல்லையோ... யோசிக்க யோசிக்கக் குழப்பந்தான் மிஞ்சுகிறது.

கண்ணன் மருந்தை நிறுத்தினான். பிறகு வேலைக்குப் போவதையும் நிறுத்தினான். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. இப்போது பெற்றோரோடு இருக்கிறான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். சில நாட்கள் அதுவும் இல்லை.

சென்ற ஞாயிறு அங்கே போயிருந்தோம். "நீங்க சொன்ன பொறகு பய அமைதியாயிட்டான் மாப்புள, ஒரு கரச்சலும் இல்ல" என்றார் மாமனார். சாந்தி பெருமையோடு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரித்தேனே!

கண்ணன் வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தான். அருகில் போய், "திரும்பக் கிளினிக்குக்குப் போவோமா கண்ணா? நானும் கூட வர்றேன்" என்றேன். மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காதபடி. அப்போதும் அப்படித்தான் என்னால் கேட்க முடிந்தது...

"எனக்கு ஒன்னும் இல்ல மச்சான். நீங்க போங்க."

சாந்தி கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் என்ன பேசுறீங்க?"

"சும்மா" என்றேன் நான், அவன் வாய் திறக்குமுன்.