சுதாகரன் அண்ணையின் யானைக்காவல்

துணுக்காயில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு சுதாகரன் அண்ணையுடையது. இரண்டு ஏக்கர் வயல், ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், எல்லாம் தெரிந்த வாய். நான் சுற்றிய நாடுகளில் மூடர்களுக்குக் குறைவில்லை. இவரைப்போல நிம்மதியான மூடரை மட்டும் எங்கும் காணவில்லை.

இரண்டு பிள்ளைகள் போதும் என்று இவரும் மனைவி ஜெயரூபி அக்காவும் முடிவெடுத்தபோது, வழியைத் தெரிவு செய்தவர் இவர்தான். கருத்தடைக் குளிசை அக்காவுக்கு ஒத்துவரவில்லை. ஆணுறை வாங்கினால் பாமசிக்காரன் என்ன நினைப்பான் என்று இவருக்குக் கூச்சம். மாதவிடாயின் எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை விலகியிருந்தால் போதும் என்று எங்கேயோ கேட்டு வந்து, குசினிக் கலண்டரில் தானே வட்டம் போட்டார். சந்தியில் மற்ற ஆண்களுக்கும் வகுப்பெடுத்தார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அக்காவுக்கு மூன்றாவது தங்கியது. முன்பள்ளியில் கிடைத்திருந்த ஆசிரியை வேலை போனது.

"உன்ர உடம்பிலதான் ஏதோ பிழை" என்றார்.

இந்த வருடம் அதே வேலை மறுபடி வந்தது. இன்னொரு பிள்ளை தங்கினால் அதுவும் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் மருத்துவமாது இராசமலர் கடைக்குட்டியை நிறுக்க வந்தா. இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவவுக்கே கணக்கை விளக்கத் தொடங்கினார்.

"எந்த நாளில இருந்து எண்ணுறியள், அண்ணை?"

"வேறெந்த நாள்? இவள் முழுகின நாள்தான்."

அக்கா நாலாம் நாள் தலை முழுகிய பிறகுதான் குசினிக்குள் போவா. அதற்கு முந்திய நாட்கள் இவருடைய உலகத்திலேயே கிடையாது.

இராசமலர் தராசைக் கீழே வைத்தா. "ரத்தம் கண்ட நாள்தான் முதல் நாள். நீங்கள் மூண்டு நாளை விழுங்கிப்போட்டியள். உங்கட எட்டாம் நாள் உண்மையில பதினோராம் நாள். உங்கட கடைக்குட்டி அதுக்கு முந்தின மூண்டு நாளுக்குள்ளதான் வந்திருப்பான்."

"அதெல்லாம் ஆம்பிளை விசாரிக்கிற விசயமே, மிஸ்ஸி?"

"கலண்டரில கீறுறது மட்டும் ஆம்பிளை வேலையோ?" கதவடியில் நின்ற அக்கா பேனையை எடுத்தா. "இனி நான் எண்ணுறன்."

"மாசம் ஒழுங்கா வந்தாத்தான் இது சரிவரும், பிள்ளை" என்றா இராசமலர். "சந்தேகமெண்டால் கிளினிக்குக்கு வா. வேற வழி இருக்கு."

அடுத்த மாதம் அக்கா முழுகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இண்டைக்கு ஒண்டும் செய்யாது" என்றார் இவர்.

"செய்யும். நீங்கள் விறாந்தையில படுங்கோ."

மனைவி சொல்லி விறாந்தையில் படுப்பதா? பாயைச் சுருட்டிக்கொண்டு வயல் காவல் கொட்டிலுக்குப் போனார். யானை வருகிறதாம்.

அறுவடை முடிந்து ஒரு மாதம். வயலில் இருந்தது வெட்டிய நெல்லின் ஒட்டு மட்டும்தான்.

அதன்பிறகு மாதாமாதம் அக்கா கலண்டரில் குறித்த நாட்களில் யானை வந்தது. சந்தியில் இவரிடம் வகுப்புக் கேட்ட வீரபாகு கேட்டார்: "என்ன சுதா, வெட்டின வயலில யானைக்கு என்னடாப்பா வேலை?"

"உனக்கு விளங்காது."

அக்கா இப்போது முன்பள்ளிக்குச் சைக்கிளில் போகிறா. காவல் நாட்களில் வயலடியில் இறங்கித் தேத்தண்ணிப் போத்தலைக் கொட்டில் வாசலில் வைப்பா. நேற்றுக் காலையும் அப்படித்தான்.

"யானை போயிட்டுதாம். இரவைக்கு வீட்டை வாங்கோ."

பின்னேரம் பாயும் கையுமாக வந்த அண்ணை, படலையில் நின்ற என்னிடம் சொன்னார்:

"யானையைக் கலைச்சுப்போட்டன், தங்கச்சி."