கிருமி என்று எழுதினேன்

போன வெள்ளிக்கிழமை கடையநல்லூரிலிருந்து ஒரு போன். எடுத்ததுமே வெடித்தாள். "சார், ஒங்கள யாரு கிருமின்னு எழுதச் சொன்னா?"

பேசியது ஆமினா. நுண்ணுயிரியல் படித்த பெண். அப்பா காதர் பாய் சின்னதாக ஒரு சாயப்பட்டறை வைத்திருக்கிறார். போன மாதம் இதே பக்கத்தில் அவளை ஆகா ஓகோ என்று புகழ்ந்தேனே... ஞாபகம் இருக்கிறதா?

குற்றாலத்தில் உடம்பு தேய்த்துக் குளிக்க விற்கிறார்களே, பீர்க்கங்காய் நார் — அதைச் சாக்குச் சாக்காக வாங்கி, பாக்டீரியாவைக் குடிவைத்து, கழிவுநீர்த் தொட்டியில் தொங்கவிட்டிருந்தாள். நார் முழுக்க வழவழவென்று பிசின் மாதிரி இருக்கும். அந்த வழவழப்புதான் சாயத்தைத் தின்கிறது. சிவப்பாக உள்ளே போன தண்ணீர் வெளிறி வந்ததை நானே பார்த்தேன்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. கழிவுநீர் தெளியாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். சோதனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

"நுண்ணுயிர்னு போடுங்க சார்" என்று ஆமினா படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டேனா? நுண்ணுயிர் என்றால் யாருக்குப் புரியும், எளிமையாக இருக்கட்டுமே என்று 'தொட்டி நிறையக் கிருமி!' என்று தலைப்பு வைத்தேன். பெரிய மேதாவி!

தெரு தலைப்பை மட்டும் படித்தது. கீழே நான் உருகி உருகி எழுதியதை யார் படித்தார்கள்? "புள்ளைங்க வெளையாடுத எடத்துல கிருமி வளக்கியளோ?" என்று திரண்டு வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஆமினா தென்காசிக்குப் போயிருந்தாள். காதர் பாய் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். நாரையெல்லாம் அள்ளிக் கொளுத்தி, தொட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் போனார்களாம்.

புது நாரில் பாக்டீரியா பிடிக்க வாரக்கணக்காகும். சோதனைக்கு வந்தவர்கள் காத்திருப்பார்களா? தண்ணீர் ரத்தமாக இருந்தது. அன்றே பூட்டிவிட்டார்கள்.

மனசு கேட்காமல், போன் வந்த மறுநாளே பஸ் ஏறிப் போனேன். காதர் பாய் பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"வாங்க சார். நீங்க எழுதுனத ஃபிரேம் போட்டு உள்ள மாட்டியிருந்தேன். அத எடுத்துக்கிடுதேன்னு சொன்னேன்... விடமாட்டேன்னுட்டாங்க."

வீடு பக்கத்திலேயேதான். ஆமினா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பினாயிலில் தொட்டிக் கிருமியெல்லாம் செத்துப்போச்சு. இந்த ஒரு கிருமிதான் சாகாமல் இந்த வாரமும் எழுதிக்கொண்டிருக்கிறது!