சந்தனம் வைத்த ஜாய்ஸ்டிக்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு பழைய வீடியோ கேமைப் புது மெருகேற்றி வெளியிட்டிருக்கிறார்கள் என்று என்னையும் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தாள். கார்ட்டூன் கார்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டும் இடித்துக்கொண்டும் ஓடுகிற பந்தயம். பல் முளைத்த சிவப்புக் கார் திரையில் வந்து நின்றதுமே என் மூக்கில் சந்தன வாசனை அடித்தது. பொய் சொல்லவில்லை. இதற்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டாள். நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் என் காரை நொறுக்கிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது முழுசாகக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா அந்த விளையாட்டுப் பெட்டியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை எங்கள் வீட்டின் அதிநவீன இயந்திரம் வெட் கிரைண்டர்தான். அதன் மேல் போட்டிருந்த பூப்போட்ட துணியில் பாதியைக் கிழித்து அம்மா இதற்கும் உறை தைத்துப் போட்டாள்.

அப்பா அந்த விளையாட்டை ஆடுவதைப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. மற்ற கார்கள் ராக்கெட் விட்டுக்கொண்டு பறக்கும். அவர் இடது ஓரமாக, திருப்பம் வந்தால் நின்று நிதானித்து, அசல் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிற மாதிரியே போவார். முன்னால் போகிற காரைச் சுடுங்கள் என்று நான் கத்தினால், "அவன் பாட்டுக்குப் போயிண்டிருக்கான். அவனை எதுக்குடா சுடணும்?" என்பார். எப்போதும் கடைசியாகத்தான் வருவார். ஆனால் வண்டியில் ஒரு கீறல் இருக்காது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருஷம் நவராத்திரி சமயத்தில் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். வாசலில் கார் வந்து நின்ற அன்றே, தானும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா "பார்க்கலாம்" என்றார். எங்கள் அப்பாவின் அகராதியில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அம்மா தினம் ஒரு தடவை கேட்டாள். தினம் ஒரு பார்க்கலாம் வந்தது.

உண்மையைச் சொன்னால், இதில் நான் அப்பா கட்சி. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கோபாலபுரத்தில் என் பள்ளிக்கூட வாசலில் எல் போர்டு மாட்டிய காரை அம்மா குலுக்கிக் குலுக்கி நிறுத்துவாள், என் நண்பர்கள் அதை ஆண்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுதபூஜை வந்தது. வீட்டில் இயங்குவது எல்லாமே ஆயுதம் என்பது அம்மாவின் கொள்கை. கார், ஸ்கூட்டர், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும், இதில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். "சுடறது இதுவா? அப்போ இதான் ஆயுதம்" என்று அந்தப் பொத்தானுக்கு மட்டும் சந்தனத்தை வழித்து அப்பினாள். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது என்பதால் அது ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அப்படியே காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். ஒரு ஜாய்ஸ்டிக் சரியாக இருந்தது. இன்னொன்றில் சுடும் பொத்தான் உள்ளே போனது போனதுதான், மேலே வரவில்லை. கார் நிற்காமல் சுட்டுக்கொண்டே இருந்தது. மேலே மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

டிபன் ஆனதும் அம்மா அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஏன்னா, வித்தை ஆரம்பிக்க இன்னிக்கு மாதிரி நாள் கிடையாது. இன்னிக்கு டிரைவிங் ஸ்கூல்ல சேரலைன்னா நான் எப்பவுமே கத்துக்கப் போறதில்லை" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பா தவித்துப்போனார். சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் டிவி பட்டது. "சரி, அதுல ஒரே ஒரு ரவுண்டு யாரையும் இடிக்காம ஓட்டிக் காட்டு. சேர்த்து விடறேன்" என்றார். இடிப்பதற்கென்றே செய்த விளையாட்டில் இப்படி ஒரு பரீட்சை வைக்க எங்கள் அப்பாவால்தான் முடியும். பரீட்சை அதிகாரியாகத் தானும் ஒரு காரில் வருவதாகச் சொன்னார்.

ஜாய்ஸ்டிக்குகளை எடுத்துக்கொடுத்தது நான். நல்லதை அப்பாவிடம் கொடுத்தேன். கெட்டுப்போனதை, பெற்ற தாயிடம் கொடுத்தேன். தலைதெறிக்கச் சுடுகிற வண்டியில் மிரண்டுபோய் முதல் திருப்பத்திலேயே யார் மேலாவது ஏற்றிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா எது முன்னால் போக, எது திரும்ப என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பந்தயம் தொடங்கியது. மாட்டுக்கொம்பு வைத்த லாரி காலி. ஐஸ்கிரீம் வண்டி காலி. எதிரில் எது வந்தாலும் அவள் கிட்டே போவதற்கு முன்பே புகையாகிப்போனது. இடது ஓரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் கார் மூன்று முறை வெடித்தது. "என்னை எதுக்குடீ சுடறே?" என்றார் அப்பா. "நான் யாரையும் ஒண்ணும் பண்ணலையே, நேராத்தானே போறேன்" என்றாள் அம்மா, கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல். அவள் சொன்னது சத்தியம். இடிக்க ஆளே மிச்சமில்லாத ரோட்டில் ஒரு சுற்றை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

செல்லாது என்றார் அப்பா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா, இடிக்கக் கூடாது என்றுதான் நிபந்தனை, சுடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று மடக்கினாள். அப்பா சொன்ன சொல்லை மீறத் தெரியாத மனுஷர். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளம்பு. ராகுகாலத்துக்கு முன்னாடி சேர்ந்துடணும்" என்றார்.

அம்மா நன்றாகவே ஓட்டினாள். நான்தான் ஒரு வருஷம் வரை பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

அந்த மயிலாப்பூர் வீடு இன்று அடுக்குமாடி. ஜாய்ஸ்டிக்குகள் எந்தப் பழைய சாமான்காரரின் வண்டியில் போயினவோ. அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. கார் மட்டும் அடையாறில் எங்கள் வீட்டு மர நிழலில் நின்றுகொண்டிருந்தது. போன தை மாதம் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தவர், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால் போட்டிருந்த ரப்பர் மேட்டில் வலது கால் படுகிற இடத்தில் தேய்ந்து விழுந்திருந்த ஓட்டையைக் கண்டார். அம்மா ஓட்டிய அத்தனை வருஷமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி உண்டாக்கிய ஓட்டை அது.

"இன்னாமா, இந்த சைடு மேட்டு ஓட்டையாக் கீது? வாத்தியாருக்கு இங்க தனி பிரேக்கு வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி டிரைவிங் ஸ்கூல் வண்டியா?" என்று கேட்டார்.

அம்மா குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"ஆமாம்ப்பா, ஸ்கூல் வண்டிதான். வாத்தியார்தான் இப்போ இல்லை" என்றாள்.