மிச்சம் வைக்காத நூறு மீற்றர்

இந்த நாட்டில் தண்ணீரில் இறங்குவதற்கு முதல் குளிக்கவேண்டும். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் எழுதுகிறேன். ரிக்கற் எடுத்து உள்ளே போனால் முதலில் ஷவர், பிறகு கணுக்கால் அளவு மருந்துத் தண்ணீரில் நாலு எட்டு நடை, அதற்குப் பிறகுதான் நீச்சல் தடாகம். சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: ஓடாதே, தள்ளாதே, கத்தாதே. எங்கள் கடலில் இந்த மூன்றையும் செய்யாமல் இறங்கியவன் எவன்? நான் வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊர். கடலைப் பார்ப்பதென்றால் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டும். பகலில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வேலை விட்டதும் அந்தத் தடாகம். முதல் நாள் தவறுதலாக ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உப்பில்லாமல் திகைத்துப்போய் நின்றேன்.

நான் திருகோணமலைக்கு வடக்கே சல்லி என்ற ஊரின் கரையில் பிறந்தவன். ஏதோ நீந்தத் தெரிந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரை வருடப்பிறப்பையொட்டிக் கிண்ணியாக் கரையிலிருந்து நகரக் கரை வரைக்கும் ஒரு நீச்சல் போட்டி வைப்பார்கள். மூன்று வருடம் தொடர்ந்து நானே முதலாவது. அடக்கமாகச் சொல்லவேண்டுமென்று பார்க்கிறேன், வரவில்லை. ஒவ்வொரு நீச்சல்காரனுக்கும் பின்னால் ஒரு தோணி வரும். என்னுடைய தோணியை வலித்தவன் ரசீன். கிண்ணியாவில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கிற வேலை அவனுக்கு. வழி முழுக்க அவன் வாய் ஓயாது. “மச்சான், ஆமையும் உன்னை முந்திப் போகுது. நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டே?” என்பான். அந்தக் கோபத்திலேயே கடைசி மைலை நீந்தி முடித்துவிடுவேன்.

நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டுப் போட்டியொன்றுக்கு நாட்டின் அணியைத் தெரிவுசெய்கிறவர்கள் என் விண்ணப்பத்துக்குப் பதில் எழுதியிருந்தார்கள். நெடுந்தூர நீச்சலுக்கு அணியில் இடமில்லை, நூறு மீற்றருக்கு ஓர் ஆள் தேவை, ஐம்பத்தெட்டு விநாடிக்குள் நீந்தியதற்கு அத்தாட்சி அனுப்பினால் யோசிக்கலாம் என்று இரண்டே பந்தி. எங்கள் கரையிலிருந்து அந்த அணிக்கு அதுவரை ஒருவரும் போனதாக நான் அறியேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது எனக்குத் தீர்மானமாகிவிட்டது. அத்தாட்சி அனுப்ப ஆறு மாதம் இருந்தது. மைல் கணக்கில் நீந்திப் பழகிய உடம்பை ஒரு நிமிடத்துக்குள் முடிகிற காரியத்துக்குத் திருப்பவேண்டும்.

தடாகத்தின் கழகத்தில் பயிற்சி கொடுத்தவள் பிறெண்டா. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது இளையவள். என் நீச்சலை ஒரு தரம் பார்த்தாள். “நீ நன்றாக நீந்துகிறாய். நாளையிலிருந்து அதை நிறுத்து” என்றாள். அவளுடைய முறை எனக்கு விளங்கவேயில்லை. ஐம்பது மீற்றரை உயிரைக் கொடுத்து நீந்தவேண்டும். பிறகு துவாயைப் போர்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் கதிரையில் சும்மா இருக்கவேண்டும். அப்படி எட்டுத் தரம், அவ்வளவுதான், வீட்டுக்குப் போ. சும்மா இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சல்லியில் பட்டப்பகலில் ஓர் ஆம்பிளை துவாயைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். அதனால் அவளுக்குத் தெரியாமல் விடிய எழும்பிப் போய் இரண்டு மைல் நீந்திவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் கிழமை பிடித்துவிட்டாள். “கள்ளன்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு போகவில்லை.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ஏழெட்டு வீச்சுக்கு ஒரு தரம் நான் தலையைத் தூக்கி முன்னே பார்ப்பேன். ஒவ்வொரு தூக்கலிலும் நேரம் போகிறது என்று பிறெண்டா கத்தினாள். அடுத்த நாள் வந்து பார்த்தால், தடாகத்தின் தலைமாட்டில் இருந்த பெரிய மணிக்கூட்டைத் துவாயால் மூடி வைத்திருந்தாள். நான் நேரம் பார்ப்பதாக நினைத்திருக்கிறாள், பாவம். மூடிய பிறகும் நான் தலையைத் தூக்கினேன். “அங்கே என்னதான் பார்க்கிறாய்?” என்று கேட்டாள். “தோணி வருகிறதா என்று பார்க்கிறேன்” என்றேன். கரையில் நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. துறைமுகத்தில் நீந்துகிறவன் தலையைத் தூக்காவிட்டால் வள்ளம் வந்து மண்டையை உடைத்துவிடும். அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஒரு மாதம் சென்றது.

தலை அடங்கிய பிறகும் நேரம் இறங்கவில்லை. அறுபத்தொன்று, அறுபது, மறுபடியும் அறுபத்தொன்று. ஒரு மாலை நான் சுவரைத் தொட்டவுடன் பிறெண்டா குனிந்து என் கழுத்து நரம்பில் விரலை வைத்து எண்ணினாள். “உனக்குக் களைக்கவேயில்லை. ஏன் என்னை ஏமாற்றுகிறாய்?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வருவதற்கு மிச்சம் வைத்திருக்கிறேன் என்றேன். “எங்கே திரும்பி வர? சுவர் இங்கேதானே இருக்கிறது!” என்று சிரித்தாள்.

அப்போதுதான் என் உடம்பு என்ன செய்கிறதென்று எனக்கே பிடிபட்டது. எங்கள் கடலில் வெளியே போகிறவன் பலத்தில் அரைவாசியைச் செலவழிக்கலாம், மற்ற அரைவாசி கரைக்கு. இது ஒருவரும் சொல்லித்தந்த விதியல்ல. சல்லியில் யாராவது நீந்தப் போவதைக் கண்டால் “மிச்சம் வைச்சு நீந்து” என்பார்கள், இங்கே கவனமாகப் போய்வா என்று சொல்வதுபோல. அப்படி வைக்காத ஒருவனை, என்னோடு படித்தவனை, ரசீனும் நானும் தோணியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறோம். உயிர் தப்பிவிட்டான். ஆனால் அவன் உதடு இருந்த நிறம் எனக்கு மறக்கவில்லை. இதையெல்லாம் என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் பிறெண்டாவுக்குச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். “நான் உயிர்காப்புப் பரீட்சை சித்தியடைந்தவள். நீ எல்லாவற்றையும் செலவழி. உன்னைத் தூக்கி எடுப்பது என் வேலை” என்றாள். அந்நிய தேசத்தில் அதுவரை எனக்கு ஒருவரும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை.

அத்தாட்சிக்கான நீச்சல் பக்கத்துப் பெரிய நகரத்தில், ஐம்பது மீற்றர் தடாகத்தில் நடந்தது. போகவும் வரவும் இரண்டே நீளம். முதல் நீளத்தில் உடம்பு பழக்கப்படி, இது போதும், மிச்சம் வை என்றது. சுவரில் காலை உதைத்துத் திரும்பும்போது அந்த அரைவாசியை அவிழ்த்துவிட்டேன். கடைசிப் பத்து மீற்றரில் கை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. சுவரில் தலை இடித்ததால்தான் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. பிறெண்டா உடுப்போடு தண்ணீருக்குள் குதித்து என் கமக்கட்டுக்குள் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரையில் ஏற்றியதும் எல்லாவற்றையும் வாந்தியெடுத்தேன். ஐம்பத்தேழு விநாடியும் கொஞ்சமும். மூக்கால் தண்ணீர் ஒழுக ஒழுக நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

அணியில் போனேன். இறுதிப் போட்டியில் ஆறாவதாக வந்தேன், பதக்கம் இல்லை. ஆனால் வானொலியில் என் பெயரையும், அதற்கு முன்னால் திருகோணமலை என்ற சொல்லையும் வாசித்தார்கள். சல்லியில் அதைக் கேட்டவர்கள் நான் உலகத்தையே வென்றுவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். போட்டி முடிந்து இரண்டு கிழமை ஊருக்குப் போனபோது, அந்த நூறு மீற்றரைத் தங்களுக்கும் நீந்திக் காட்டவேண்டுமென்று கேட்டார்கள். ரசீன் கரையிலிருந்து கயிற்றால் நூறு மீற்றர் அளந்து கடலுக்குள் தோணியை நிறுத்தினான். என்னோடு ஊர் இளந்தாரிகள் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். கரை முழுக்கச் சனம், முன்னால் அம்மா.

யாரோ கைதட்டியதும் பாய்ந்தேன். தலையைத் தூக்கவில்லை. எதையும் மிச்சம் வைக்கவில்லை. தோணியின் விளிம்பைப் பிடித்தபோது அடுத்தவன் பதினைந்து முழம் பின்னால் வந்துகொண்டிருந்தான். மூச்சு முட்ட, ஒரு கையை மேலே தூக்கிக் கரைக்குக் காட்டினேன்.

“என்ன மச்சான், கையைத் தூக்கிறாய்?” என்றான் ரசீன். “பாதிதானே வந்திருக்கிறாய். மண்ணைத் தொடுறவனெல்லோ முதல்!”

அவன் சொல்லி முடிப்பதற்குள் இளந்தாரிகள் ஒவ்வொருவராக வந்து தோணியைத் தட்டித் திரும்பிக் கரையை நோக்கிப் போனார்கள். எங்கள் ஊரில் தோணி வரைக்கும் போட்டி என்றால் போய்த் திரும்புவதுதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான் நீந்தியவன் நான். ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை, சல்லிக்காரனுக்குச் சொல்லவேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

“நீயும் திரும்பிப் போவன்” என்றான் ரசீன்.

“ஏலாது மச்சான்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, பிறெண்டா பிடித்ததுபோலவே கமக்கட்டில் பிடித்துத் தூக்கித் தோணிக்குள் போட்டான். “இஞ்ச வரைக்கும் உன்னை ஒருத்தனும் கிட்டவும் நெருங்கேல்லை. நான் பாத்தனான்” என்றான். அது உண்மை. எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. அவன் கரையை நோக்கித் தோணியை வலிக்கத் தொடங்கினான். தூரத்தில் அம்மா நெற்றியில் கையை வைத்து, தண்ணீருக்கு மேல் தெரிந்த எட்டுத் தலைகளில் எது என்னுடையது என்று தேடிக்கொண்டிருந்தார்.