திருச்செங்கோட்டில் மூன்றாவது பெயர்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் தருகிற வேலைகள் சில உண்டு. போலீஸ் வேலை ஒன்று, ஜாக்குலின் பார்த்த வேலை இன்னொன்று. வீடுகளுக்கு இன்டர்நெட் தரும் ஒரு கம்பெனியின் ரவுட்டர்களை, சேலத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கண்காணிப்பது அவள் வேலை. குணமும் அதற்கேற்றது. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், செருப்பு தன்னுடையதுதானா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பாள். இப்படிப்பட்டவளை ஜவுளிக்கடையில் நிறுத்தினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்.

ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பழகும் விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றும் சில நொடிக்கொரு தரம் பக்கத்தில் இருப்பவற்றுக்கு 'ஹலோ' சொல்லும். எதிரிலிருந்து வரும் ஹலோவில் தன் பெயரையும் கண்டால்தான், நாம் சொன்னது அங்கே கேட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளும். அதன்பிறகு இரண்டும் தங்களுக்குத் தெரிந்த பாதைகளையெல்லாம் காட்டிச் சரிபார்க்கும். எல்லாம் ஒத்துப்போனால் ஜாக்குலின் பார்க்கும் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே 'ஃபுல்' என்று வரும். அப்படி ஃபுல் ஆனதிடம் ஒளிவுமறைவே கிடையாது. ஓமலூருக்கு எந்த வழி, வாழப்பாடிக்கு எந்த வழி என்று மொத்த வரைபடமும் அதன் கைக்குப் போய்விடும். மனிதர்கள் இத்தனை விசாரித்தா பழகுகிறார்கள் என்று ஜாக்குலின் கேட்பாள்.

காலையில் வந்ததும் காபிக்கு முன்னால் ஊர் ஊராகப் பட்டியலைப் பார்ப்பது அவள் வழக்கம். திருச்செங்கோட்டு ரவுட்டருக்குப் பக்கத்தவை இரண்டே இரண்டு: சேலம், நாமக்கல். ஒருநாள் அங்கே மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. அவள் வைத்த பெயர் இல்லை. எதிரே ஃபுல் என்று இருந்தது. காபியை மறந்து போனை எடுத்தாள்.

திருச்செங்கோட்டு அறையைப் பார்த்துக்கொண்டவர் செங்கோடன். ஐம்பது வயது, கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். கம்பத்தில் ஏறி ஃபைபர் ஒட்டுவதிலிருந்து அறையைக் கூட்டுவது வரை அவர்தான். ஜாக்குலின் போனில் கேட்டதும் தயங்காமல் சொன்னார்.

"ஆமாங்க அம்மிணி, புதுசா ஒரு பொட்டி இருக்குதுங்க. கேமரா போடறவங்கன்னு மொதலாளிதான் கூட்டியாந்தாரு. தொடக் கூடாதுன்னாருங்க."

கேமராப் பெட்டி எதற்கு ரவுட்டருக்கு ஹலோ சொல்கிறது? அவள் முதலாளி சந்திரசேகரிடம் போய்க் கேட்டாள். அவர் முன்பு போர்வெல் லாரிகள் வைத்திருந்தவர். வண்டி ஒடிசாவில் ஓடினாலும் அதன் டூப்ளிகேட் சாவி அவர் வீட்டுப் பீரோவில் தொங்கும். இன்டர்நெட் தொழிலுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்த பாஸ்வேர்டை மாற்றினாலும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். கேமராவா, அப்படி யாரையும் தான் கூட்டிப் போகவே இல்லையே என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். போட்டிக் கம்பெனிக்காரன் செங்கோடனை டீக்கடையில் பார்த்துப் பேசியதாக ஒரு பேச்சு காதில் விழுந்தது என்றும், அதை நம்ப மனசு வரவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

நம்பாமல் இருப்பது ஜாக்குலினுக்குக் கஷ்டமான காரியமா என்ன? அன்றிலிருந்து செங்கோடன் சொன்ன எதுவும் அவளுக்கு நேராகப் படவில்லை. சட்டென்று பதில் சொன்னால் முன்பே யோசித்து வைத்திருக்கிறார். யோசித்துச் சொன்னால் எதையோ மறைக்கிறார். ஆனாலும் வெறும் சந்தேகத்தில் ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று, சோதனை ஒன்று வைத்தாள். திருச்செங்கோட்டு அறையில் ஹலோ சொல்லும் எதுவும் இனி பாஸ்வேர்டோடு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் கிடையாது. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து கையால் அடித்தால்தான் ஆகும் என்பதால் செங்கோடனுக்கு மட்டும் அதைப் போனில் சொன்னாள். மூன்றாவது பெயர் மறைந்தது. மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தது. எதிரே ஃபுல்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? முதலாளியிடம் போய், இது செங்கோடன் வேலைதான், வேறு யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது என்று அடித்துச் சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சரிம்மா என்றார். அன்று மாலையே செங்கோடனிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, திருட்டுப் பட்டத்தோடு அவர் போனார்.

பெட்டியை எடுத்தாகிவிட்டது என்று முதலாளி சொன்னார். சொன்னால் போதுமா? ஜாக்குலின் பஸ் ஏறி நேரில் போய்ப் பார்த்தாள். பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. பழைய பாஸ்வேர்டு செங்கோடனுக்குத் தெரியுமே என்று, தன் கையாலேயே புதியதை அடித்தாள். திரும்பும் வழியில், சங்ககிரி தாண்டும்போது, வழக்கம்போல அதை முதலாளிக்கு அனுப்பினாள். மறுநாள் பட்டியலைத் திறந்தால் மூன்று பெயர்கள்.

அப்போதுதான் உறைத்தது. பாஸ்வேர்டு தெரிந்தவர்களை எண்ணியபோது முதலாளியை அவள் எண்ணவே இல்லை. முதல் தடவையும் அனுப்பியிருந்தாள். முதலாளியிடம் சொல்வது அவளுக்கு ஒருவரிடம் சொல்வதாகவே தோன்றியதில்லை. ஊரையே சந்தேகப்பட்ட புத்தி அந்த ஒரு நாற்காலிக்கு முன்னால் கைகட்டி நின்றிருக்கிறது.

கேட்டதும் சந்திரசேகர் மறுக்கவில்லை. கம்பெனியை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார், வாங்குகிறவர்கள் வலைப்பின்னல் முழுவதையும் உள்ளிருந்தே பார்க்க வேண்டும் என்றார்கள், முடியும்வரை வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் செங்கோடன்?

"அவன் செய்யலைன்னு எனக்குத் தெரியும்மா. நீ அவ்வளவு உறுதியா வந்து சொன்னே. அவன் இல்லைன்னு நான் சொன்னா, வேற யாருன்னு கேப்பே."

செங்கோடனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொன்னாள். வாங்குகிறவர்கள் அவர்கள் ஆட்களோடு வருவார்கள் என்று பதில் வந்தது.

அவள் அங்கிருந்து நேரே செங்கோடன் வீட்டுக்குப் போனாள். பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோயிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து தானே பேசுவதாகவும் சொன்னாள். அவமானத்தில் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செங்கோடன் சொன்னார்.

"மொதலாளி மேல எனக்குக் கோவமில்லீங்க அம்மிணி. அவரு ஏவாரத்துக்காகப் பொய் சொன்னாரு. பொட்டிய யாரு வெச்சாங்கன்னு நீங்க கேட்ட அன்னிக்கே நான் நெசத்தச் சொன்னனே, அத நம்பறதுக்கு உங்களுக்கு என்னங்க நட்டம்?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர் போல அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.