மூன்று வாரம் ஒளிந்திருந்த மலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம். தென்துருவத்துக்குப் போகும் வழியில், நடுக்கடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் ஒரு தீவு. அங்கே ஒரு வானிலை நிலையம். வேலை பார்க்கும் எட்டுப் பேரைத் தவிர மனித வாடையே கிடையாது. கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு மாத வேலைக்காக, ஆரணிக்காரி நான் கப்பலேறிப் போனேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டில் பட்டுத்தறி. விடியற்காலையில் தெருவில் பாவு என்னும் நெசவு இழைகளை நீட்டிக் கட்டுவதற்கு முன், மழை வருமா, காற்று கிளம்புமா என்று அண்ணாந்து பார்ப்பது எங்கள் வழக்கம். நனைந்தால் அத்தனை பட்டு இழையும் பாழ். வானம் பார்ப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று போன அன்றே அளந்துவிட்டேன். நிலையத்திலிருந்து மழைமானி வரைக்கும் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். குழந்தைக்கு நடைவண்டியா என்று கேட்டுச் சிரித்தேன். நிலையத் தலைவி சிரிக்கவில்லை. கோட்டு இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. காலையில் மழை, பத்து மணிக்கு ஆலங்கட்டி, மதியம் பனி, மறுபடி மழை. காற்று கதவைத் திறக்க விடாது. மூன்று வாரம் சூரியனைக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலை ஜன்னல் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நீல வானம். துளிக் காற்றில்லை. நிலையத்துக்கு நேர் பின்னால், தலைக்கு மேலே, பனி போர்த்திய பெரிய மலை! வரைபடத்தில் பார்த்ததுதான். ஆனால் இவ்வளவு பக்கத்திலா, இவ்வளவு பெரிதா? மூன்று வாரமாக அதன் காலடியிலேயே தூங்கியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உடனே வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவோ மலையை விட்டுவிட்டு வானத்தைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி, ஒரு பொட்டு மேகம் இல்லியே! நம்ம தெருவா இருந்தா இந்நேரம் பாவே போட்டுடலாம். துணியெல்லாம் தோய்ச்சியா, வேடிக்கை பாத்துகினு நிக்கிறியா?"

"தோய்க்கிறேம்மா, பேஜார் பண்ணாத."

எனக்கும் அதே எண்ணம்தான். இப்படி விடிந்தால் ஆரணியில் மதியம் வரை பயமில்லை. மழைமானியை ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று, கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனேன். மலையைப் படம் பிடிக்கக் கயிற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளியும் போனேன்.

முதுகில் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் ஒரு காற்று. திரும்புவதற்குள் மலை இல்லை. நிலையம் இல்லை. நீட்டிய என் கையே தெரியவில்லை. எங்கும் வெள்ளை. கத்தினேன், என் குரல் என் காதிலேயே விழவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். முட்டி போட்டு, பனியைத் துழாவிக்கொண்டே தவழ்ந்தேன். விரல்கள் மரத்துப்போன சமயத்தில் நெற்றி நங்கென்று ஒரு கம்பத்தில் மோதியது. அதில் கயிறு! இரண்டு கையாலும் இறுகப் பிடித்தேன். யாரோ மறுபக்கம் பிடித்து வருவதுபோல் அது விட்டுவிட்டு ஆடியது. ஆடிய பக்கமே நகர்ந்தேன்.

எதிரே தலைவி வந்தார். ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் என் கோட்டு. ஆணியில் அது தொங்குவதைப் பார்த்துத்தான் கிளம்பியிருக்கிறார். திட்டவில்லை. எனக்குக் கோட்டை மாட்டி, உள்ளே அழைத்துப் போய், அன்றைய பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்: பனி, இருபது நிமிடம். அவ்வளவுதான். என் உயிரே போகப் பார்த்தது, அந்தத் தீவுக்கு அது ஒரு வரி.

ஜன்னலுக்கு வெளியே மலை மறுபடி வெயிலில் நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

சாயங்காலம் அம்மா கேட்டாள், "துணி காஞ்சுதா?"

இப்போதும் தெருவில் பாவு நீட்டும்போது வானத்தைப் பார்க்கிறேன். நான் பார்க்காத அத்தனை நாளும் அந்த மலை அங்கேயேதான் நின்றிருந்தது என்று நினைத்ததும், என் நீள வாய் தானாக மூடிக்கொள்கிறது.