ஆயில் லைட் ஒயரைப் பிடுங்கியவன்

ஒரு மனிதனின் வண்டியை நான் பாழாக்கினேன். தவறிச் செய்ததல்ல, தெரியாமல் செய்ததுமல்ல. தெரிந்தே, சிரித்த முகத்தோடு, அவன் கையாலேயே செய்ய வைத்தேன்!

எஞ்சின்தானே, இரும்புதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இரும்பை நம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. அது எனக்கு அப்போதே தெரியும்… தெரிந்ததால்தான் செய்தேன்.

என் பெயர் ஏகாம்பரம். ஒரகடம் கூட்ரோட்டில் ஆயில் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகள் வந்தபோது எங்கள் நிலம் போனது, பணம் வந்தது. அந்தப் பணத்தில் புத்தம் புதிய வேன் ஒன்று வாங்கி, கம்பெனி ஆட்களை ஷிப்ட்டுக்கு ஏற்றி இறக்கும் தொழிலில் இறங்கினேன். நேரத்துக்குப் போகமாட்டேன். கேட்ட சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போவேன். ‘எங்க ஊர்ல வந்து எங்களையே மிரட்டுறியா’ என்பேன். ட்ரிப் போனது, பிறகு வேனும் போனது. மிச்சத்தில் வைத்ததுதான் இந்தக் கடை.

செல்லத்துரை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக இருந்து, அது முடிந்ததும், மனைவி முத்துலட்சுமியின் நகையை விற்று ஒரு பழைய டீசல் வேன் வாங்கினான். நான் இழந்த அதே ட்ரிப்பை அவன் பிடித்தான். ஸ்ரீபெரும்புதூர் அறைகளில் தங்கியிருந்த பையன்களைக் கம்பெனி வாசலில் கொண்டுவந்து விடுவான். ஒருநாள்கூடத் தாமதமில்லை. அவன் வண்டி என் கடையைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கையை உயர்த்துவான்.

அந்தக் கையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! என் மண்ணில், என் சாலையில், நான் புது வண்டியோடு தோற்ற இடத்தில், இவன் ஓட்டை வண்டியோடு ஜெயிக்கிறான். அதுவும் கர்வமில்லாமல்! கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

ஒருநாள் கடைக்கு வந்தான்.

“அண்ணாச்சி, ஆயில் மூடியத் திறந்து பாத்தேன். உள்ள தார் மாதிரி அப்பிக் கிடக்கு. விலையும் கம்மியா இருக்கணும், எஞ்சினையும் கழுவி விடணும். அப்படி ஒரு ஆயில் இருந்தா சொல்லுங்க. நீங்க சொல்லுததத்தான் ஊத்துவேன்.”

இதற்கு நியாயமான பதில் எனக்குத் தெரியும். தினமும் ஓடுகிற பழைய டீசல் வண்டிக்கு விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். வண்டிக்குப் பொருந்தும் சாதாரண டீசல் எஞ்சின் ஆயிலே போதும். அழுக்கைக் கரைக்கும் சரக்கு அதிலேயே கலந்திருக்கிறது. அதை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சில தடவை மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டால் கசடு மெல்ல மெல்ல இறங்கிவிடும். அவசரப்பட்டால்தான் ஆபத்து. வருடக்கணக்காகப் படிந்தது ஒரேயடியாகப் பெயர்ந்தால், கட்டி கட்டியாகப் போய் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். ஆயில் மேலே ஏறாது. எஞ்சின் வறண்டு, தேய்ந்து, இறுகிவிடும்.

இத்தனையும் தெரிந்த நான், அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தேன். எஞ்சினைக் கழுவும் மருந்து அது. பழைய ஆயிலில் ஊற்றி, வண்டியை நிறுத்திய இடத்திலேயே சில நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, உடனே ஆயிலை இறக்கிவிட வேண்டும். பாட்டிலின் முதுகில் அப்படித்தான் எழுதியிருந்தது.

“இத்த ஊத்திக்கினு ஒரு வாரம் ஓட்டுபா. அப்பால ஆயில மாத்திக்கலாம். உள்ள கண்ணாடி மாதிரி ஆயிடும்” என்றேன்.

“பாட்டில்ல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கே அண்ணாச்சி?”

“அதெல்லாம் புது கார் வச்சிக்கினு கீறானே, அவனுக்கு.”

“ஃபில்டர் மாத்தணுமா?”

“இப்ப இன்னாத்துக்கு? காச கரியாக்காத.”

அவன் முகம் மலர்ந்தது. செலவை மிச்சப்படுத்திக் கொடுத்த அண்ணாச்சி! வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த முத்துலட்சுமி எட்டிப்பார்த்து, “அண்ணாச்சிட்ட நல்லாக் கேட்டுட்டீயளா?” என்றாள். “கேட்டாச்சு, கேட்டாச்சு” என்றான் அவன்.

அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்… வயிறாரச் சாப்பிட்டேன்.

இதோடு நின்றிருந்தால், ஏதோ ஒரு கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நிற்கவில்லை. சில நாளில் அவன் மறுபடி வந்தான். முகத்தில் கவலை.

“அண்ணாச்சி, வண்டிய நிறுத்தி ஸ்லோவுல விட்டா ஆயில் லைட் மினுக்கு மினுக்குன்னு எரியுது. எனக்கென்னமோ பயமா இருக்கு. வண்டிய நிறுத்திப் போடட்டா?”

கவனியுங்கள். எஞ்சின் அப்போதும் சாகவில்லை! சல்லடை அடைபடத் தொடங்கியிருக்கிறது என்று அந்தச் சிவப்பு விளக்கு கெஞ்சிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் அடித்தொட்டியைக் கழற்றிச் சல்லடையைக் கழுவினால் அன்றே பிழைத்திருக்கும். ‘நிறுத்து’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லாவை விட்டு எழுந்து போனேன். என் கையாலேயே அவன் எஞ்சின் மூடியைத் திறந்தேன். ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அவன் கண்ணெதிரிலேயே அதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன்!

“சுத்தம் ஆவுது, அதான் எரியுது. லைட்ட பாத்து பயந்துக்கினே வண்டி ஓட்டுவியா? போ, தைரியமா ஓட்டு.”

விளக்கு அணைந்தது. அவன் சிரித்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அடுத்த நாள் மத்தியான ஷிப்ட்டுக்கு ஆட்களோடு போகும்போது, வல்லம் தாண்டி நடுச்சாலையில் எஞ்சின் இறுகி நின்றது. பையன்கள் இறங்கி வெயிலில் நடந்தார்கள். எல்லோருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டு. மறுநாள் அந்த ட்ரிப்பில் வேறு வண்டி ஓடியது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாய் ஷெட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் டீசல் வண்டிக்கு அவர்தான் மெக்கானிக். நானும் போனேன். ஏன் போனேன்? அனுதாபமா? இல்லை… பார்க்க ஆசையாக இருந்தது.

பாய் அடித்தொட்டியைக் கழற்றினார். சல்லடை முழுக்கக் கறுப்புக் கூழ். விரலால் வழித்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு கண்ணை மேலே ஓட்டியவர், தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்துவிட்டார்.

“யாருபா இந்த லைட் ஒயர புடுங்குனது? இன்னா புத்தி கெட்ட வேல இது! லைட் எரிஞ்சிருந்தா வண்டி தப்பிச்சிருக்குமே!”

முத்துலட்சுமி நின்றிருந்தாள். நான்கு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். செல்லத்துரை என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு பாய் பக்கம் திரும்பினான்.

“நான்தான் பாய் பிடுங்குனேன்.”

என்னைக் காப்பாற்றினான்! நான் நல்லெண்ணத்தில் செய்து தவறிவிட்டது என்று நம்பிக்கொண்டு, ஊர் முன்னால் எனக்கு அவமானம் வேண்டாமென்று, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

முத்துலட்சுமி கத்தினாள். “நீங்கல்லாம் ஒரு மனுசனா! எரியுத லைட்டப் பிடுங்கிப் போட்டுட்டா வண்டி ஓட்டுவிய? என் கழுத்துல கெடந்ததையெல்லாம் கழட்டிக் குடுத்தேனே பாவி!”

அவன் தலை குனிந்து நின்றான். அந்த ஒயர் எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்தேன்… உண்மையைச் சொல்ல அல்ல.

“விடுமா. தெரியாம செஞ்சிட்டான்” என்றேன்.

அந்தச் சொற்களைவிடக் கொடியதை நான் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை.

எஞ்சினைச் சரிசெய்ய அவனிடம் வழியில்லை. வண்டியை யாரும் வாங்கவும் இல்லை. நான் வாங்கினேன், இரும்பு விலைக்கு. ஊரில் எனக்கு நல்ல பெயர்! வெளியூர்க்காரனைக் கைவிடாத ஏகாம்பரம்! பாயிடம் கொடுத்து எஞ்சினைப் புதுப்பித்தேன். சரியான ஆயிலை, சரியான ஃபில்டரோடு, நானே பார்த்து ஊற்றினேன். பழைய ட்ரிப்பைப் பேசிப் பிடித்தேன். அந்த வண்டியை ஓட்டச் சம்பளத்துக்கு ஆள் வைத்தேன்.

யாரை என்று கேட்காதீர்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவன் வண்டியில், அவன் இருக்கையில், அவனை என் டிரைவராக உட்கார வைத்தேன். அன்று அவன் கண் கலங்கிவிட்டது. “இந்த உதவிய மறக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றான். நான் அவன் தோளைத் தட்டினேன். இந்தக் கையால்தான்!

அதன்பின் வருடங்கள் ஓடின. வீட்டில் அவன் எது சொன்னாலும் முத்துலட்சுமி, “லைட்டப் பிடுங்குன மூளைதான இது” என்பாளாம். அவன் மகளும் அதைக் கேட்டுக் கேட்டு, அப்பாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தாளாம். இதையெல்லாம் அவனே என் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு சொல்வான். ஆனால் அவன் மாறிப்போயிருந்தான். டயருக்குக் காற்றடிக்கக்கூட என்னைக் கேட்பான். ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் போடுவான். எந்தத் திருகையும் தொடமாட்டான். தன் கையையே நம்பாதவனாக ஆகியிருந்தான்.

வண்டி போனபின் முத்துலட்சுமி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது. அவளையும் அனுப்பிவிட்டார்கள். நான் கொடுக்கும் சம்பளம் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு என்றாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, எஞ்சினைச் சுத்தம் செய்யும் மலிவான ஆயில் எது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், கடையில் உட்கார்ந்திருந்த செல்லத்துரை முந்திக்கொண்டான்.

“அண்ணாச்சி என்ன சொல்லுதாவளோ அதக் கேளுங்க. நான் அண்ணாச்சியக் கேக்காம, எம் புத்தியில போயி ஒயரப் பிடுங்கி, வண்டியத் தொலைச்சவன்.”

நான் அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை. கேலியில்லை. எனக்காகச் சொன்ன பொய்யை, சொல்லிச் சொல்லி, ஏச்சு வாங்கி வாங்கி, அவனே நம்பத் தொடங்கிவிட்டான்! ஒருவனின் வண்டியைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன்… அவன் நினைவையும் பறித்திருந்தேன்.

ஆட்டோக்காரர் போனதும் சொல்லிவிட்டேன். பட்டப்பகலில், கடையில் வைத்து. பாட்டில், ஃபில்டர், ஒயர், எல்லாம்.

அவன் அலமாரியில் இருந்த சின்ன பாட்டில்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்ப… ஒயர நான் பிடுங்கலையா அண்ணாச்சி?”

“இல்லபா. நான்தான்.”

“வேணும்னேயா?”

“ஆமா.”

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்று விரும்பினேன். அவன் எழுந்தான், வாசல்வரை போனான், வண்டியைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

“நாளைக்குக் காலை ட்ரிப் நான்தான எடுக்கணும்?” என்றான்.

தலையசைத்தேன்.

“லச்சுமிட்ட மட்டும் சொல்லிராதிய. இத்தன வருசமா என்னைய ஏசியிருக்கா. அவ்வளவும் அநியாயம்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

அவ்வளவுதான். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளிடம் சொல்லும் வழியும் அடைபட்டதால் உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பு கேட்டு அல்ல. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள எனக்கு முகமில்லை.

அவன் அப்படிக் கேட்டுவிட்டுப் போனதும் எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? வெட்கமா? துக்கமா? இல்லை… நிம்மதி! சண்டையில்லை, பஞ்சாயத்தில்லை, வண்டி என்னிடமே இருக்கிறது என்ற நிம்மதி!

வண்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். இன்றைக்கும் கொடுக்கலாம். கொடுக்கவில்லை.

மனசாட்சி உறுத்தித்தான் அன்று உண்மையைச் சொன்னேன் என்று இதுவரை எழுதியதைப் படித்து நீங்கள் நம்பியிருக்கக்கூடும். அவன் மனைவிக்கு வேலையிருந்த வருடங்களில் அது ஏன் உறுத்தவில்லை? என்னைவிட்டுப் போக அவனுக்கு வேறு வழியில்லை என்று ஆன பிறகுதானே நான் வாயைத் திறந்தேன்!